ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் கொடுங்கள்

நீலகிரியின் உள் ஏரிகளுக்குப் பொறுப்பான வனத்துறை, மின்வாரியம், சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நீலகிரிப் பீடபூமியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஏரிகளைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர்பவானி, போர்த்திமந்து, பார்சன்ஸ்வேலி, இவற்றுக்கெல்லாம் உள்ளே முக்கூர்த்தி. சிலவற்றுக்கு வனத்துறை வாகனத்தில் ஏறிப் போய்வரலாம். சிலவற்றின் பக்கமாக முன்பதிவு செய்து வழிகாட்டியோடு நடக்கலாம். மற்றவை பொதுமக்களுக்கு மூடியே இருக்கின்றன. மூடியதைத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவை மூடியே இருக்கட்டும். திறந்திருக்கும் கரைகளுக்கு மக்களை எப்படி அழைத்துப் போகிறோம் என்பதுதான் என் கவலை. அங்கே வருகிற ஒவ்வொருவரும் வண்டியை விட்டு இறங்கி, அந்த இடம் தெரிந்த ஒருவரோடு ஒரு மணி நேரம் நடக்க வழி செய்யுங்கள். என் கோரிக்கை இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்.

இப்போது நடப்பது என்ன என்பதை ஒரு காட்சியால் சொல்கிறேன். எந்த ஏரி, யார் நடத்திய வண்டி என்பதெல்லாம் இங்கே முக்கியமில்லை. இந்த மலையில் பல இடங்களில் இதுவேதான் நடக்கிறது. போன கோடையில் நான் ஏறிய ஜீப்பில் கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்திருந்தது. தாத்தா, மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். தண்ணீர் தெரியும் வளைவில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கி வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் மட்டும் படத்துக்கு நிற்காமல் சற்றுத் தள்ளிப் போய், இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று டிரைவரிடம் கேட்டார். கரண்ட் எடுக்கப் போகிறது என்று பதில் வந்தது. அடுத்த கேள்வியை அவர் தொடங்குவதற்குள் ஹாரன் அடித்துவிட்டது. டிரைவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனையோ நடைகள் பாக்கி. மலைச்சாலையில் கவனமாக வண்டி ஓட்டுவது அவர் வேலை, கதை சொல்வது அல்ல. பெரியவருக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் அங்கே இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஏனென்றால் அவர் பார்த்துக்கொண்டு நின்றது அவர் வயலுக்குப் பாயும் தண்ணீர். 1950-களில் கனடா நாட்டின் உதவியோடு குந்தா மின்திட்டம் தொடங்கியபோது, மேற்கு ஓரத்து ஓடைகளை அணைகட்டி நிறுத்தி, சுரங்க வழிகளால் ஒன்றோடொன்று இணைத்தார்கள். அப்படிச் சேர்ந்த தண்ணீர் குந்தா, கெத்தை, பரளி என்று படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் மின்சாரம் கொடுத்துவிட்டுப் பில்லூருக்கு வருகிறது. பில்லூரிலிருந்து கோவைக்குக் குடிநீர் போகிறது. மீதித் தண்ணீர் பவானி ஆறாக மேட்டுப்பாளையம் தாண்டி பவானிசாகர் அணைக்குப் போய்ச் சேர்கிறது. முக்கூர்த்தி அணையின் தண்ணீர் வேறு வழியில் போகிறது. பைக்காராவில் இறங்கி, மோயாறாகி, முதுமலைக் காட்டைத் தாண்டி, கடைசியில் அதுவும் அதே பவானிசாகருக்கே வருகிறது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால் ஒரு பக்கம். ஆற்றின் வழியே கொடிவேரி அணைக்கட்டு, தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் மறுபக்கம். கோபிக்காரர் ஒருவருக்கு இந்தப் பெயர்களில் எதையும் விளக்க வேண்டியதில்லை. பவானிசாகரின் நீர்மட்டம் எத்தனை அடி என்று தினமும் செய்தித்தாளில் பார்க்கிறவர் அவர். அந்த அணையின் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, என்ன ஏது என்று சொல்லாமலே கீழே அனுப்பிவிட்டோம்.

இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மண்ணைப் பார்க்கத்தான்.

வேறொரு சமயம், வேட்டைத்தடுப்புக் காவலர் ஒருவரோடு புல்வெளியில் நடக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கோடை மழை இன்னும் தொடங்காத ஏப்ரல் மாதம். புல்லின் நுனி பழுத்து, கையில் எடுத்தால் நொறுங்கியது. இரண்டு குன்றுகள் சேரும் பள்ளத்தில் அவர் நின்று, புல் கற்றைகளை இரு கையாலும் விலக்கி, இடையில் தெரிந்த கறுத்த மண்ணைப் பூட்ஸ் குதிகாலால் அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் கசிந்து, குளம்படி அளவுக்குத் தேங்கியது. காலை எடுத்ததும் மெல்ல உள்ளே இறங்கிவிட்டது. பக்கத்திலேயே விரல்நுனி அளவுப் பூச்சியுண்ணிச் செடி ஒன்று, இலையின் முடிகளில் பிசின் துளிகளோடு நின்றிருந்தது. அணையில் இருப்பதை மட்டும்தான் ஏரி என்கிறோம், இந்தப் பள்ளத்துக்கு அடியில் இருப்பதையும் கணக்கில் சேருங்கள் என்றார். தென்மேற்குப் பருவத்தில் கொட்டும் மழையைப் புல்வெளியும் பள்ளங்களில் வளரும் சோலைக் காடும் பிடித்துவைத்து, மழையில்லாத மாதங்களில் சிறுகச் சிறுக விடுகின்றன. அதனால்தான் கோடையிலும் ஓடைகள் வற்றாமல் அணைக்கு வருகின்றன என்பதைப் பாடப்புத்தகத்தில் நானும் படித்ததுண்டு. அந்தக் குதிகால் தடத்தைப் பார்த்த பிறகுதான் அது எனக்குள் உறைத்தது.

அவர் அங்கிருந்து எதிர்ச்சரிவைக் காட்டினார். சரிவு முழுக்கச் சீகை மரம், ஆங்கிலத்தில் வாட்டில் என்பார்கள். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்றும், விறகு வேண்டும் என்றும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மரம். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் புல்வெளிகளில் நாமே நட்டோம். கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸும் பைனும் அப்படி வந்தவைதாம். புல்வெளியை வெற்று நிலம் என்று நினைத்த காலம் அது. இப்போது அந்நிய மரங்களை அகற்றிப் புல்லையும் சோலையையும் மீட்கும் வேலையை அரசே எடுத்திருக்கிறது. மனமார வரவேற்கிறேன். ஆனால் ஜீப்பிலிருந்து பார்க்கிற பயணிக்கு மரம் அடர்ந்த சரிவு பச்சைக் காடாகவும், புல்வெளி மொட்டை மலையாகவும் தெரிகிறது. சீகையை வெட்டும் இடத்தைக் கடக்கும்போது, அரசாங்கமே காட்டை அழிக்கிறது என்று அவர் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார். உங்கள் வேலைக்கு மக்கள் ஆதரவு வேண்டுமானால், அந்தச் சரிவின் எதிரே ஒருவர் நின்று விளக்க வேண்டும். நின்று கேட்பவருக்கு நேரமும் வேண்டும்.

முக்கூர்த்தி 1990-ல் தேசியப் பூங்காவானது முதன்மையாக வரையாட்டுக்காக. 78.46 சதுர கிலோமீட்டர். பெரிய பூங்கா இல்லை. வரையாடு நமது மாநில விலங்கு. 2024-ல் தமிழகம் முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள், 2025-ல் 1,303. ஒவ்வொன்றும் கணக்கில் வருகிற அளவுக்குத்தான் இருக்கின்றன. ஆகவே முக்கூர்த்திக்குள் கூட்டம் போகக் கூடாது, குட்டி போடும் மாதங்களில் ஒருவரும் போகக் கூடாது என்பதில் எனக்கு உங்களைவிடக் கண்டிப்பு அதிகம். நான் கேட்கும் ஒரு மணி நேர நடை பூங்காவுக்குள் வேண்டாம். வண்டிகள் இப்போதே போய் நிற்கும் கரைகளில், ஏற்கெனவே தடம் விழுந்த பாதைகளில் இருந்தால் போதும்.

மலையேற்றத்துக்கு நீங்கள் செய்திருப்பதைக் குறிப்பிடாமல் விட்டால் நியாயமில்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 உயிர்களை இழந்தோம். அதன் பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 பாதைகளோடு அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கியது. அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா, பார்சன்ஸ்வேலியிலிருந்து முக்கூர்த்தி குடில் என நம் பக்கத்துப் பாதைகளும் அதில் உண்டு. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக்கியது மிக நல்ல காரியம். தீக்காலத்தில் பாதைகளை மூடுவதும் சரி. ஆனால் நம் பக்கத்து நடைகள் நாள் முழுக்க நடக்கத் தெம்பும், ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டப் பணமும் உள்ளவர்களுக்கானவை. கோபிப் பெரியவர் அதில் வரப்போவதில்லை. மூட்டுவலிக்காரப் பாட்டியும் கைக்குழந்தையோடு வரும் தாயும் வரப்போவதில்லை. ஒரு பக்கம் நாள் முழுக்க மலையேற்றம், மறுபக்கம் பத்து நிமிட ஜீப் நிறுத்தம். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த நடுவிடத்தைத்தான் கேட்கிறேன். ஏற்றமில்லாத ஒரு கிலோமீட்டர், நின்று நின்று போகிற நடை, ஜீப் டிக்கெட்டோடு சேர்ந்த சிறு கட்டணம்.

யார் அழைத்துப் போவது? தேட வேண்டியதில்லை. பைக்காரா ஆற்றைப் புனிதமாகக் கருதுகிறவர்கள் தோடர்கள். மேற்கே முக்கூர்த்திச் சிகரத்தைத் தாண்டித்தான் மறைந்தவர்களின் உலகம் என்பது அவர்கள் நம்பிக்கை. எருமை மேய்த்த புல்வெளியில் எந்தப் புல் எந்த வேலைக்கு என்று தெரிந்தவர்கள். குந்தா பக்கத்தில், ஹட்டி என்று சொல்லும் ஊர்களில் படகர்கள்; அதே பக்கத்தில் கோத்தர்களும். கீழ்ச்சரிவில் குறும்பர்கள், இருளர்கள். அணை கட்டும்போது சுரங்கம் வெட்டிய தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் மின்வாரியக் குடியிருப்புகளிலும் அதைச் சுற்றியும் இன்றும் வசிக்கிறார்கள்; மலையைக் குடைந்த கதை அவர்கள் வீட்டுக் கதை. இவர்களில் படித்துவிட்டு வேலை தேடி மேட்டுப்பாளையம் பஸ் ஏறுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கரைக்கும் நான்கைந்து பேர் போதும். மனப்பாடம் செய்த உரை வேண்டாம்; அவரவர் வீட்டில் கேட்டதை அவரவர் சொல்லட்டும். மாதச் சம்பளமாகக் கொடுங்கள். பயணிகள் கொடுக்கும் அன்பளிப்பை நம்பி விட்டால், மூன்றாம் மாதம் அவர்கள் டாக்சி ஓட்டப் போய்விடுவார்கள்.

நடக்கவிட்டால் ஆபத்து என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். அது நியாயமான தயக்கம்தான். நீர்த்தேக்கத்தின் கரை ஆற்றங்கரை மாதிரி கிடையாது. கோடையில் தண்ணீர் இறங்கிய பிறகு தெரியும் செம்மண் பட்டையில் வண்டல் மேலே காய்ந்து வெடித்திருக்கும். நம்பிக் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். தண்ணீரின் குளிருக்கு நீச்சல் தெரிந்தவரின் கையும் விறைத்துப்போகும். போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி எமரால்டுக்கும் இடையே மின்வாரியம் கட்டிவரும் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் ஓடத் தொடங்கினால், தண்ணீரை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் அன்றாட வேலையாகிவிடும். நேற்றுப் பார்த்த கரை இன்று அதே இடத்தில் இருக்காது. மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை மாவட்டம் மறக்கவில்லை. இவ்வளவும் இருப்பதால்தான் பக்கத்தில் ஆள் வேண்டும் என்கிறேன். துருப்பிடித்த எச்சரிக்கைப் பலகையைப் பார்த்து யாரும் நின்றதை நான் கண்டதில்லை. இங்கே கால் வைத்தால் புதையும், வாருங்கள், ஒரு குச்சியைக் குத்திக் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் குழந்தைகூட இரண்டடி தள்ளியே நிற்கும்.

படகைப் பற்றி ஒரு வார்த்தை. உள் ஏரிகளிலும் படகு விடலாம், கம்பியில் தொங்கிப் போகும் விளையாட்டு வைக்கலாம், கண்ணாடிப் பாலம் போடலாம் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. தயவுசெய்து வேண்டாம். படகு ஆசைக்கு உதகை ஏரியும் பைக்காராவும் இருக்கின்றன. மேற்கு ஏரிகளின் ஓடைகளில் நீர்நாய் இருக்கிறது. இஞ்சின் சத்தம் வந்தால் அது அங்கே தங்காது. மக்களுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்ற எண்ணத்தில்தான் இவையெல்லாம் யோசிக்கப்படுகின்றன என்பது புரிகிறது. ஆனால் பத்து நிமிடத்தில் கிளம்பச் சொல்லும் இடத்தில் பொழுது எப்படிப் போகும்? நேரத்தையும் பேச ஓர் ஆளையும் கொடுத்துப் பாருங்கள். வேறு எந்தக் கருவியும் தேவைப்படாது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. வழியை மூடுவதாக இருந்தால் முந்தின நாள் மாலைக்குள் சொல்லுங்கள். யானை வந்தது, மரம் விழுந்தது என்பது புரியும். ஆனால் முன்கூட்டியே தெரிந்த காரணத்துக்கும் விடியற்காலை வரிசையில் நின்ற பிறகுதான் திருப்பி அனுப்புகிறார்கள். கழிப்பறை வண்டி கிளம்பும் இடத்தில் இருக்கட்டும், சுத்தமாகவும் தண்ணீரோடும். ஏரிக்கரையில் ஒன்றும் கட்ட வேண்டாம். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இந்தப் பயணம் வருகிறார்கள் என்பதை யோசியுங்கள். காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற முறையை 2022-ல் நீலகிரியில் கொண்டுவந்தார்கள். அதே வழியில், சோதனைச் சாவடியில் பொட்டலங்களை எண்ணி முன்பணம் வாங்கி, திரும்பும்போது எண்ணிப் பார்த்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ஸ்பீக்கரை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் அது வந்தபோது எங்கள் கடைக்காரர்கள் பலர் கோபப்பட்டார்கள். நான் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. சாலை தாங்காது என்பதை ஒப்புக்கொண்ட பிறகு, அடுத்து கேட்க வேண்டிய கேள்வி, வந்தவர்கள் எப்படி இருந்துவிட்டுப் போகிறார்கள் என்பது. ஒரே நாளில் பத்து இடம் பார்த்தாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் வண்டிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஓர் இடத்தில் அரை நாள் தங்கினால் அந்த நாளில் ஓடும் தூரம் தானாகக் குறையும்.

கடைசியாக எங்கள் பிள்ளைகளைப் பற்றி. எமரால்டைச் சுற்றியுள்ள ஹட்டிகளில் படிக்கும் மாணவர்கள் பலர் இந்த ஏரிகளைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். வரையாட்டைச் சுவரில் வரைந்திருப்பார்கள். நேரில் கண்டிருக்க மாட்டார்கள். காரில் வருகிற வெளியூர்க் குடும்பத்துக்குக் கிடைப்பது இவர்களுக்குக் கிடைப்பதில்லை, ஏனென்றால் வண்டிக் கட்டணம் இவர்கள் வீட்டில் ஒரு நாள் கூலி. வாரத்தில் ஒரு நாளை மாவட்டத்து அரசுப் பள்ளிகளுக்கு ஒதுக்குங்கள், கட்டணமில்லாமல். நாளைக்கு வழிகாட்டிகளாகப் போகிறவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யச் சொல்லவில்லை. வரும் அக்டோபரில், தென்மேற்குப் பருவமழை விட்டுப் பாதை காய்ந்ததும், ஒரே ஒரு கரையில், நான்கு வழிகாட்டிகளோடு ஆரம்பியுங்கள். ஒரு குழுவுக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். பனி கடுமையாகும் டிசம்பர் வரை நடத்திப் பார்த்துவிட்டு, வந்தவர்களிடமும் வழிகாட்டிகளிடமும் கேட்டு முடிவெடுங்கள். எந்தக் கரை என்பதைப் பேச ஊர்க் கூட்டத்துக்கு உங்களில் ஒருவர் வந்தால், தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளிலிருந்தும் ஹட்டிகளிலிருந்தும் பெரியவர்களை அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எமரால்டு பக்கத்து ஹட்டி ஒன்றில் வசிக்கும்
உங்கள் மாவட்டத்துக் குடிமகள்